பிங் செய்தால் பதில் சொல்லும் 192.168.1.10 யார்?

தறிக்கணக்கு (குடியாத்தம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகக் கேட்டால் "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றுதான் பதில் வருகிறது.

எங்களுக்கு லுங்கி வியாபாரம். தறி வீடுகளுக்குப் பாவும் ஊடை நூலும் கொடுத்து, நெய்து வரும் பீஸுக்குக் கூலி போடுவது. இந்தக் கணக்கு முழுவதும் அப்பா காலத்தில் எழுதி வாங்கிய ஒரு ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராமில் ஓடுகிறது. அது விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஒழுங்காக நடக்கும். பழைய கம்ப்யூட்டர் புட்டுக்கிட்டதும், தெரிந்த பையன் ஒருவன் வந்து என் விண்டோஸ் 10 லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் எக்ஸ்பியை ஏற்றி, புரோகிராமை அப்படியே உட்கார வைத்துக் கொடுத்தான். புரோகிராமை மாற்று என்று யோசனை சொல்ல வேண்டாம். யார் வீட்டில் எத்தனை பாவு நிற்கிறது, யாருக்கு முன்பணம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை அது ஒரே திரையில் காட்டும். அப்பா அந்தத் திரையை மட்டும்தான் நம்புவார்.

எக்ஸ்பியை இன்டர்நெட் பக்கமே விடக்கூடாது என்று அந்தப் பையன் கறாராகச் சொன்னான். அதனால் லேப்டாப்பும் எக்ஸ்பியும் மட்டும் பேசிக்கொள்ளும் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க் என்று ஒன்றை வைத்தான். எக்ஸ்பிக்குள் ஃபைல் அனுப்புவதற்கு ஒரு குட்டி எஃப்டிபி சர்வர் இருக்கிறது. ராத்திரி கடை எடுத்து வைத்ததும் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஒரு பேட்ச் ஃபைலைத் தட்டினால், அன்றைய டேட்டா ஃபைல் எல்லாம் லேப்டாப்புக்கு வந்துவிடும். அதிலிருந்து பென்டிரைவுக்கு ஒரு காப்பி. இது இன்று வரை ஒரு குறையும் இல்லாமல் நடக்கிறது.

பிரச்சினை வேறு இடத்தில். போன மாதம் பழைய பிராட்பேண்டை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டோம். புது ரௌட்டர். அன்றிலிருந்து இந்த லேப்டாப்பில் இன்டர்நெட் பளிச்சென்று வருகிறது, ஜிஎஸ்டி தளம் திறக்கிறது, வீடியோ ஓடுகிறது. ஆனால் வைஃபை பிரிண்டருக்குப் பில் அனுப்பினால் போகவில்லை. குடோனில் டேலி இருக்கும் கம்ப்யூட்டரையும் பிடிக்க முடியவில்லை. ரௌட்டரின் பக்கத்தைப் பிரவுசரில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என் போனிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் வருகிறது. அக்கா மகனின் லேப்டாப்பிலிருந்தும் வருகிறது. இந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் இப்படி.

ஃபைபர் போட்டவர்கள் வந்து பார்த்துவிட்டு, "நெட் வருதில்ல சார், எங்க வேலை முடிஞ்சுது" என்று போய்விட்டார்கள். பிரிண்டர் டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாகிவிட்டது. ஆன்டிவைரஸையும் அணைத்துப் பார்த்தாகிவிட்டது.

பிரிண்டரின் முகவரி 192.168.1.50. பிங் (ஒரு கருவி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்தால் இப்படி வருகிறது:

192.168.1.10-இலிருந்து பதில்: டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் (தேடிய கருவியை எட்ட முடியவில்லை).

கேட்டது 50-ஐ. பதில் சொல்வது 10. யார் இந்த 10? ரௌட்டரோடு இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் போனில் பார்த்தேன். அதில் 10 என்று யாருமே இல்லை. யாராவது வைஃபை திருடுகிறார்களா?

---

பாலாற்று மணல் எழுதியது:

வைஃபை திருடன் எல்லாம் இல்லை பாஸ். விர்ச்சுவல்பாக்ஸில் நெட்வொர்க்கை பிரிட்ஜ்டு என்று மாற்றிவிடுங்கள். எக்ஸ்பிக்கும் ரௌட்டரே ஐபி கொடுத்துவிடும், எல்லாம் ஒரே குடும்பம் ஆகிவிடும். அது சரிப்படாவிட்டால் நாட் (NAT, லேப்டாப்பின் முகவரியிலேயே எக்ஸ்பி வெளியே போகும் முறை) வையுங்கள். ஹோஸ்ட்-ஒன்லி யாரும் பயன்படுத்துவதில்லை.

---

காட்பாடி லேப் எழுதியது:

தம்பி, முதலில் அந்த பிரிட்ஜ்டு யோசனையைத் தள்ளி வையுங்கள். உங்களுக்கு வேலை செய்து கொடுத்த பையன் விஷயம் தெரிந்தவன். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. 2017-இல் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது ஓர் அவசர பேட்ச் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றை பிரிட்ஜ்டில் வைத்தால், குடோன் கம்ப்யூட்டர், வீட்டு டிவி, வருகிறவர் போகிறவர் போன் எல்லாவற்றோடும் ஒரே திண்ணையில் உட்கார வைத்த மாதிரி. கூலிக் கணக்கு இருக்கும் மெஷினை அப்படி வைக்க வேண்டாம்.

நாட் உங்களுக்கு ஒத்து வராது. நாட் முறையில் எக்ஸ்பி வெளியே போகலாம், அதாவது நீங்கள் வேண்டாம் என்று நினைக்கும் அதே வேலை நடக்கும். லேப்டாப்பிலிருந்து எக்ஸ்பிக்கு உள்ளே போக வேண்டுமென்றால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே திருப்பி விடும் அமைப்பு) வைக்க வேண்டும். எஃப்டிபி ஒரு போர்ட்டில் பேசி இன்னொரு போர்ட்டில் ஃபைலை அனுப்பும் பழங்காலத்து ஆள். அதற்கு ஃபார்வர்டிங் வைத்துத் தீராது.

இப்போது உங்கள் 10-க்கு வருவோம். திருடன் வெளியே இல்லை, உங்கள் லேப்டாப்பே அதுதான் என்று சந்தேகப்படுகிறேன். விண்டோஸில் ஒரு முகவரியைத் தேடி ஆள் கிடைக்காவிட்டால், "அன்ரீச்சபிள்" என்ற பதிலைத் தன் சொந்த முகவரியைப் போட்டுத்தான் காட்டும். வெளியாள் யாரும் சொன்ன பதில் அல்ல. ஆனால் உங்கள் வைஃபை முகவரி 10 இல்லை என்றால், லேப்டாப்பில் வேறு எந்த நெட்வொர்க் அட்டைக்கு (அடாப்டர்) 10 இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) அடியுங்கள். அப்புறம் ரூட் பிரிண்ட் (route print) அடியுங்கள். 192.168.1.0 என்று தொடங்கும் வரிகளையும் 0.0.0.0 என்று தொடங்கும் வரியையும் மட்டும் இங்கே போடுங்கள். எக்ஸ்பியை அணைத்துவிட்டே செய்யலாம்.

இன்னொன்று. பழைய பிராட்பேண்ட் ரௌட்டரின் முகவரி என்ன என்று நினைவிருக்கிறதா? 192.168.0.1 என்று நான் பந்தயம் கட்டுவேன்.

---

தறிக்கணக்கு எழுதியது:

சார், பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பழைய மோடம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.0.1.

ஐபிகான்ஃபிக்கில் இரண்டு அட்டை வருகிறது. வைஃபைக்கு 192.168.1.37. "விர்ச்சுவல்பாக்ஸ் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்" என்பதற்கு 192.168.1.10. எக்ஸ்பி அணைந்துதான் இருக்கிறது, ஆனாலும் இது நிற்கிறது.

ரூட் பிரிண்ட்டில் நீங்கள் கேட்ட வரிகள் (போக வேண்டிய முகவரி, மாஸ்க், கேட்வே, அட்டையின் முகவரி, மெட்ரிக் என்ற வரிசையில்):

0.0.0.0 | 0.0.0.0 | 192.168.1.1 | 192.168.1.37 | 55
192.168.1.0 | 255.255.255.0 | ஆன்-லிங்க் | 192.168.1.10 | 281
192.168.1.0 | 255.255.255.0 | ஆன்-லிங்க் | 192.168.1.37 | 311

எக்ஸ்பிக்குள் போய்ப் பார்த்தேன். அதன் முகவரி 192.168.1.20, கையால் போட்டது. பேட்ச் ஃபைலிலும் அதே 20தான் எழுதியிருக்கிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. முகவரி இடிக்கிறது என்றால் இன்டர்நெட்டும் போக வேண்டாமா? அது மட்டும் எப்படி ஜம்மென்று வருகிறது?

---

காட்பாடி லேப் எழுதியது:

நல்ல கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் நீங்களே செய்துவிடுவீர்கள்.

அந்த மூன்று வரியில் கடைசி இரண்டைப் பாருங்கள். 192.168.1.0 என்ற தெருவுக்குப் போக உங்கள் லேப்டாப்பிடம் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று வைஃபை, அது நிஜம். இன்னொன்று விர்ச்சுவல்பாக்ஸின் கற்பனை அட்டை, அதன் மறுமுனையில் எக்ஸ்பியைத் தவிர யாரும் இல்லை. பேருந்து நிலையத்தில் "குடியாத்தம்" என்று போர்டு போட்டு இரண்டு வண்டி நிற்கிறது, அதில் ஒன்று டெப்போவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கிளம்புவது எதுவோ அதில்தான் ஜனம் ஏறும்.

எது முதலில் கிளம்பும் என்பதைத்தான் வரியின் கடைசியில் இருக்கும் எண் சொல்கிறது. மெட்ரிக் என்பார்கள். சின்ன எண்ணுக்கே முன்னுரிமை. விண்டோஸ் அட்டையின் வேகத்தைப் பார்த்துத் தானாகவே இந்த எண்ணைப் போடும். விர்ச்சுவல்பாக்ஸ் அட்டை தன்னை ஒரு ஜிகாபிட் அட்டை என்று சொல்லிக்கொள்ளும். அதனால் அதற்கு 25. உங்கள் வைஃபைக்கு 55. இரண்டோடும் 256 சேர்த்தால் 281, 311. பிரிண்டருக்கு அனுப்பிய பில் 281-இல் ஏறிக் கற்பனை அட்டைக்குள் போய், "இங்கே 50 யாரு?" என்று கத்திப் பார்த்து, யாரும் பதில் சொல்லாமல் திரும்பியிருக்கிறது. அதைத்தான் 10 உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. பாவம், அதைத் திருடன் என்கிறீர்கள்.

குடோன் கம்ப்யூட்டர் கிடைக்காததற்கும் ரௌட்டர் பக்கம் திறக்காததற்கும் காரணம் இதேதான்.

இன்டர்நெட் ஏன் வருகிறது? முதல் வரியைப் பாருங்கள். உலகத்தில் மற்ற எல்லா முகவரிக்கும், 37 என்ற வைஃபை அட்டை வழியாக ரௌட்டரிடம் கொடு என்று எழுதியிருக்கிறது. அட்டை எது என்று அந்த வரியிலேயே இருப்பதால் அங்கே குழப்பத்துக்கு இடமில்லை. வெளியூர் போகிறதெல்லாம் சரியாகப் போகிறது, உள்ளூர் மட்டும் சிக்கிக்கொள்கிறது. இன்னொரு ஊகம்: உங்கள் லேப்டாப்பில் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி தேடித் தரும் சர்வர்) முகவரியை யாரோ 8.8.8.8 என்று கையால் போட்டு வைத்திருப்பார்கள். ரௌட்டரையே டிஎன்எஸ் ஆக வைத்திருந்தால் இன்டர்நெட்டும் தடுமாறியிருக்கலாம், நீங்களும் முதல் நாளே பிடித்திருப்பீர்கள்.

எக்ஸ்பி அணைந்திருந்தாலும் விண்டோஸில் அந்த அட்டை எப்போதும் உயிரோடுதான் இருக்கும். அதனால்தான் உங்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் மேல் சந்தேகமே வரவில்லை.

ஃபைபர்காரர் மேல் குற்றம் இல்லை. ரௌட்டரின் முகவரி 192.168.0-இலிருந்து 192.168.1-க்கு மாறியது, அவ்வளவுதான். அந்தப் பையன் செய்ததில் எனக்குக் குறை ஒன்றே ஒன்று. விர்ச்சுவல்பாக்ஸ் தானாகவே 192.168.56.1 என்று கொடுக்கும். அதைச் சும்மா விட்டிருக்கலாம். தனியார் உபயோகத்துக்கு என்று 1996-லேயே மூன்று பெரிய தொகுதிகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்: 10 என்று தொடங்குவது முழுக்க, 172.16 முதல் 172.31 வரை, 192.168 முழுக்க. இவ்வளவு இடம் இருக்க, ஊரில் பாதி ரௌட்டர் உட்கார்ந்திருக்கும் 192.168.1-ஐயே எடுப்பானேன்?

இப்போது மாற்றும் வழி. கடை எடுத்து வைத்தபின் செய்யுங்கள். முதலில் இன்றைய காப்பியை எடுத்துவிடுங்கள்.

எக்ஸ்பியை முறைப்படி ஷட்டவுன் செய்யுங்கள். சேவ் ஸ்டேட்டில் (பாதியில் நிறுத்தி வைப்பது) விட வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் 7 என்றால் ஃபைல், டூல்ஸ், நெட்வொர்க் மேனேஜர். பழைய 6 என்றால் ஃபைல் மெனுவிலேயே ஹோஸ்ட் நெட்வொர்க் மேனேஜர். அங்கே ஹோஸ்ட்-ஒன்லி அட்டையைத் தேர்ந்தெடுத்தால் கீழே அட்டையின் விவரம் வரும். ஐபிவி4 முகவரியில் 192.168.56.1, மாஸ்க்கில் 255.255.255.0. அப்ளை கொடுத்தால் விண்டோஸ் அனுமதி கேட்கும், சரி என்று சொல்லுங்கள்.

பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். பக்கத்து டேபில் டிஹெச்சிபி சர்வர் (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுப்பது) என்று ஒன்று இருக்கும். அது டிக் செய்யப்பட்டிருந்தால் அங்கேயும் பழைய 192.168.1 எண்கள் நிற்கும். ஒன்று டிக்கை எடுத்துவிடுங்கள், உங்கள் எக்ஸ்பிக்குக் கையால் போட்ட முகவரிதானே, டிஹெச்சிபி தேவையே இல்லை. அல்லது சர்வர் முகவரி 192.168.56.100, கீழ் எல்லை 101, மேல் எல்லை 254 என்று மாற்றுங்கள். நான் என்றால் டிக்கை எடுத்துவிடுவேன்.

பிறகு எக்ஸ்பியை ஏற்றி, கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ், லோக்கல் ஏரியா கனெக்ஷன், பிராப்பர்ட்டீஸ், டிசிபி/ஐபி. முகவரி 192.168.56.20, மாஸ்க் அதேதான். டீஃபால்ட் கேட்வே என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். டிஎன்எஸ்ஸும் காலி. இந்த நெட்வொர்க்கில் வெளியே போகும் வாசலே கிடையாது, இல்லாத வாசலுக்கு முகவரி எதற்கு?

கடைசியாகப் பேட்ச் ஃபைலை நோட்பேடில் திறந்து 192.168.1.20 வரும் இடங்களில் எல்லாம் 192.168.56.20 என்று மாற்றுங்கள்.

மாற்றியபின் லேப்டாப்பில் ஐபிகான்ஃபிக் அடித்துப் பாருங்கள். ஹோஸ்ட்-ஒன்லி அட்டையில் 169.254 என்று தொடங்கும் எண் வந்தால், நீங்கள் கொடுத்த முகவரி ஒட்டவில்லை என்று அர்த்தம். மேனேஜருக்குத் திரும்பப் போய்த் தானியங்கி என்பதில் இல்லாமல் கைமுறை என்பதில் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி அப்ளை கொடுங்கள்.

---

பாலாற்று மணல் எழுதியது:

இதற்கு இவ்வளவு எதற்கு? விர்ச்சுவல்பாக்ஸ் அட்டையின் மெட்ரிக்கை 500 என்று கையால் ஏற்றிவிட்டால் வைஃபை ஜெயித்துவிடும், பிரிண்டர் வேலை செய்யும். ஒரு நிமிட வேலை.

---

காட்பாடி லேப் எழுதியது:

பிரிண்டர் வேலை செய்யும். ராத்திரி பேட்ச் ஃபைலைத் தட்டும்போது லேப்டாப் 192.168.1.20-ஐ வைஃபை பக்கம் தேடும். எக்ஸ்பி கிடைக்காது. ஒரே வரிசை இரண்டு பக்கமும் இருக்கும்வரை யாரோ ஒருவர் தோற்றுத்தான் ஆக வேண்டும். இன்று பிரிண்டர் தோற்கிறது, உங்கள் வழியில் பேக்கப் தோற்கும். பிரிண்டர் தோற்றால் உடனே தெரியும். பேக்கப் தோற்றது என்றைக்குத் தெரியும் என்று உங்களுக்கே தெரியும்.

---

வாலாஜா உபுண்டு எழுதியது:

சார், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், இதே ஹோஸ்ட்-ஒன்லி சங்கதிதான் எனக்கும். டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் சர்வர் பழகிக்கொண்டிருக்கிறேன். உபுண்டு 22.04 மேல் விர்ச்சுவல்பாக்ஸ். வீட்டு ரௌட்டரோடு இடிக்கக்கூடாது என்று ஹோஸ்ட்-ஒன்லிக்கு 10.10.10.1 கொடுத்தேன். ஏற்க மாட்டேன் என்கிறது. முகவரி அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இல்லை என்று ஒரு வரி, அதன் கீழே ஆக்ஸஸ் டினைடு. சுடோ (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்டுவது) போட்டுப் பார்த்தாலும் அதே பதில்தான். நான் பார்த்த வீடியோவில் அவர் 10.10.10.1 போட்டு உடனே வேலை செய்கிறது. அவருக்கு மட்டும் எப்படி?

---

காட்பாடி லேப் எழுதியது:

அந்த வீடியோ ஒன்று பழையதாக இருக்கும், இல்லாவிட்டால் அவர் விண்டோஸில் செய்திருப்பார். 2021 அக்டோபரில் வந்த 6.1.28 பதிப்பிலிருந்து லினக்ஸிலும் ஆப்பிள் மேக்கிலும் ஒரு கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். ஹோஸ்ட்-ஒன்லிக்கு 192.168.56.0/21 என்ற வரிசைக்குள்தான் முகவரி கொடுக்க முடியும். விண்டோஸுக்கு இது கிடையாது. அதனால்தான் குடியாத்தம் தம்பியின் லேப்டாப்பில் 192.168.1-ஐ ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. கட்டுப்பாடு அங்கே இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

ஆக்ஸஸ் டினைடு என்று வருவதால் எல்லோரும் சுடோவைத் தேடி ஓடுகிறார்கள். பெர்மிஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்களுக்கு 10.10.10 மேல் ஆசை ஒன்றும் இல்லை என்றால் எளிய வழி: அந்த /21 வரிசை என்பது 192.168.56-இல் தொடங்கி 192.168.63 வரை. 192.168.60.1 போட்டுக்கொள்ளுங்கள், ஒரு ஃபைலையும் தொட வேண்டாம். நான் அதைத்தான் செய்வேன்.

இல்லை, 10தான் வேண்டும் என்றால், எட்ஸி (/etc) ஃபோல்டருக்குள் விபாக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும் (வி, பி, ஓ, எக்ஸ், எல்லாம் சின்ன எழுத்து). பெரும்பாலும் இருக்காது, நீங்களே உருவாக்க வேண்டும். அதற்குள் நெட்வொர்க்ஸ் டாட் கான்ஃப் என்று ஒரு ஃபைல். நெட்வொர்க்ஸ் பன்மை, கடைசி எஸ்ஸை விட்டுவிடாதீர்கள். ஃபைலுக்குள் ஒரே வரி:

* 10.0.0.0/8 192.168.0.0/16

முன்னால் இருக்கும் நட்சத்திரக் குறி அலங்காரம் இல்லை, அது கட்டாயம். இரண்டு வரிசைக்கு நடுவில் இடைவெளி மட்டும், கமா கூடாது. இந்த ஃபைலை உருவாக்கத்தான் சுடோ வேண்டும்.

---

வாலாஜா உபுண்டு எழுதியது:

192.168.60.1 உடனே எடுத்துக்கொண்டது சார். நன்றி. கூடவே இன்னொன்று கேட்டுவிடுகிறேன். ஒரு உபுண்டு சர்வரைத் தயார் செய்து அதை குளோன் (அப்படியே நகல்) செய்தேன். குளோன் செய்யும்போது புது மேக் முகவரி (MAC, நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) என்பதையும் தேர்ந்தெடுத்தேன். ஆனாலும் இரண்டுக்கும் டிஹெச்சிபியில் ஒரே ஐபி வருகிறது.

---

ஆரணி ரோடு எழுதியது:

இதை நான் சொல்கிறேன், எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் இதில் விழுந்து எழுந்தவர்கள். உபுண்டு சர்வர் டிஹெச்சிபியிடம் தன்னை மேக் முகவரியால் அறிமுகம் செய்துகொள்வதில்லை. எட்ஸியில் இருக்கும் மெஷின்-ஐடி என்ற ஃபைலில் உள்ள எண்ணிலிருந்து ஓர் அடையாளம் செய்து அதைக் கொடுக்கிறது. குளோன் செய்யும்போது அந்த ஃபைலும் அப்படியே வந்துவிடும். டிஹெச்சிபி சர்வருக்கு இருவரும் ஒரே ஆள்.

குளோனில் அந்த ஃபைலைக் காலியாக்குங்கள். அழிக்க வேண்டாம், உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு ரீபூட் செய்தால் புது எண்ணைத் தானே எழுதிக்கொள்ளும். அல்லது நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு) ஃபைலில் அந்த அட்டையின் கீழ் டிஹெச்சிபி ஐடென்டிஃபையர் என்பதற்கு மேக் என்று கொடுத்தாலும் போதும்.

---

தறிக்கணக்கு எழுதியது:

காட்பாடி சார், நேற்று ராத்திரி உட்கார்ந்து செய்தேன். டிஎன்எஸ் 8.8.8.8 என்று சொன்னீர்களே, அப்படியேதான் இருக்கிறது. நேரில் பார்த்த மாதிரி சொல்கிறீர்கள்.

விர்ச்சுவல்பாக்ஸில் 192.168.56.1 போட்டு, டிஹெச்சிபி டிக்கை எடுத்ததும் பிரிண்டரில் தேங்கியிருந்த பழைய பில் எல்லாம் தடதடவென்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. சேலத்துக்குப் போன பில்லே பல காப்பி. குடோன் டேலியும் திறந்துவிட்டது, ரௌட்டர் பக்கமும் வருகிறது. ரூட் பிரிண்ட்டில் இப்போது 192.168.1.0-க்கு 311 வரி ஒன்றுதான் இருக்கிறது.

ஆனால் பேக்கப் நின்றுவிட்டது. எக்ஸ்பியில் 192.168.56.20 போட்டாயிற்று, கேட்வே காலி. பேட்ச் ஃபைலிலும் மாற்றியாயிற்று. லேப்டாப்பிலிருந்து எக்ஸ்பியைப் பிங் செய்தால் ஒழுங்காகப் பதில் வருகிறது, இந்த முறை 20-இடமிருந்தே. பேட்ச் ஃபைலைத் தட்டினால் "கனெக்ட்" என்பதிலேயே நின்று, கொஞ்ச நேரம் கழித்து டைம்அவுட். இன்றைக்குப் பென்டிரைவ் காப்பி இல்லாமல் கடையைத் திறந்திருக்கிறேன், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

---

காட்பாடி லேப் எழுதியது:

பிங் வருகிறது, எஃப்டிபி வரவில்லை என்றால் பாதை சரி, கதவு சாத்தியிருக்கிறது. எக்ஸ்பியின் ஃபயர்வால்.

கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபயர்வால், எக்ஸெப்ஷன்ஸ் டேப். அங்கே எஃப்டிபி சர்வரின் பெயர் அல்லது போர்ட் 21 என்று ஒரு வரி டிக்கோடு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து எடிட், அப்புறம் சேஞ்ச் ஸ்கோப். மூன்று தேர்வு காட்டும்: எந்தக் கம்ப்யூட்டரும், என் நெட்வொர்க் மட்டும், கஸ்டம் லிஸ்ட். உங்கள் பையன் கறாரானவன் என்பதால் அவன் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பான், பட்டியலில் 192.168.1.10 ஒன்றை மட்டும் எழுதியிருப்பான். இப்போது லேப்டாப் 192.168.56.1 என்ற புதுப் பெயரில் வந்து கதவைத் தட்டுகிறது. ஃபயர்வால் யார் நீ என்று கூடக் கேட்காமல், கதவைத் திறக்காமலேயே விட்டுவிடுகிறது.

பட்டியலில் 192.168.56.1 என்று மாற்றுங்கள். இரண்டாவது தேர்வான "என் நெட்வொர்க் மட்டும்" வைத்தாலும் நடக்கும். ஆனால் அவன் வழியே மேல், லேப்டாப்பைத் தவிர வேறு யாருக்கும் அங்கே வேலை இல்லை.

---

தறிக்கணக்கு எழுதியது:

கஸ்டம் லிஸ்ட், உள்ளே 192.168.1.10. அச்சு அசலாக நீங்கள் சொன்னதுதான். மாற்றி ஓகே கொடுத்துப் பேட்ச் ஃபைலைத் தட்டினேன், பாவு ஃபைல், கூலி ஃபைல், முன்பணம் ஃபைல் எல்லாம் வரிசையாக இறங்கிவிட்டது. நேற்றைய தேதியும் இன்றைய தேதியும் சேர்த்துப் பென்டிரைவில் போட்டுவிட்டேன்.

சார், ஒரு சின்னச் சந்தேகம். நாளைக்கு வேறு கம்பெனி இணைப்பு எடுத்து அந்த ரௌட்டர் 192.168.56.1 என்று வந்தால்?

---

காட்பாடி லேப் எழுதியது:

வீட்டு ரௌட்டரில் 56 வருவது அபூர்வம். வந்தால் ஹோஸ்ட்-ஒன்லியை மாற்றாதீர்கள், ரௌட்டரின் லேன் அமைப்பில் போய் அதை மாற்றுங்கள். ரௌட்டரில் ஒரு இடம் மாற்றினால் போதும், மற்ற கருவிகள் எல்லாம் டிஹெச்சிபியில் புது எண்ணைத் தானே வாங்கிக்கொள்ளும். கையால் முகவரி போட்ட பிரிண்டர் மட்டும்தான் பாக்கி நிற்கும். எக்ஸ்பி பக்கம் மாற்றினால் மேனேஜர், எக்ஸ்பி, ஃபயர்வால், பேட்ச் ஃபைல் என்று நாலு இடம், இப்போதுதான் பார்த்தீர்களே.

எந்த முகவரி எங்கே எழுதியிருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி லேப்டாப் பையில் வையுங்கள். அந்தப் பையனையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள், வேறு யார் கடையிலாவது இதே 192.168.1.10 போட்டு வைத்திருக்கப் போகிறான்.

---

தறிக்கணக்கு எழுதியது:

கூப்பிட்டேன் சார். பேர்ணாம்பட்டில் ஒரு கடையிலும் பள்ளிகொண்டாவில் ஒரு மெடிக்கல் ஷாப்பிலும் இதே மாதிரி வைத்திருக்கிறானாம். மெடிக்கல் ஷாப்காரர் போன வாரம்தான் ஃபைபர் போட்டிருக்கிறார், பிரிண்டர் வரவில்லை என்று இவனுக்குப் போன் மேல் போனாம். இந்தப் பக்கத்தை அவனுக்கு அனுப்பிவிட்டேன்.